அம்மாவின் முந்நூறும் என் ஆறரையும்

1

நான் கோலாலம்பூரில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி முதல் வாரம். அதனால் புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊரில் ஒரு வயது கூடுகிறது. இந்த ஜனவரியோடு நான்கு முடிந்தது. அந்த வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள். நான் அதை என் நான்காண்டு நிறைவுக்கான பரிசு என்று வைத்துக்கொண்டேன்.

பிரசுரத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் புத்தாண்டுக்கான பத்து எளிய உடல்நலப் பழக்கங்கள் இருந்தன. எட்டு டம்ளர் தண்ணீர், அரை மணி நேர நடை, ஏழு மணி நேரத் தூக்கம், சீனி குறைவு, உப்பு குறைவு என்று போய், பத்தாவதாக, மனம்விட்டுச் சிரிக்கவும் என்று இருந்தது. மேலாளர் அதை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலை இருப்பது கிள்ளானில். ரப்பர் கையுறை செய்கிறோம். நான் தரப் பரிசோதனைப் பிரிவு. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு கையுறைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். நான் குடிப்பது இரண்டு டம்ளர்.

பிரசுரத்தைத் தமிழில் மாற்றி, பத்தையும் குரல் பதிவாக அம்மாவுக்கு அனுப்பினேன். அதற்குக் காரணம் இருந்தது.

2

அம்மா துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா போய் ஆறு வருடம். அம்மாவுக்குத் தொழில் சின்ன வெங்காயம் ஆய்வது. தாளையும் வேரையும் அரிவாள்மனையில் அறுத்துக் குவிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. போன தீபாவளிக்கு முன்னால் வெங்காயத்தோடு விரலையும் அறுத்துக்கொண்டாள். அதன் பிறகு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

திருச்சி கண் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை செய்தால் பார்வை வந்துவிடும், ஆனால் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது, இருநூறுக்குக் கீழே கொண்டுவாருங்கள், தேதி தருகிறோம் என்றார்கள். புரையை முற்ற விட வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஆக, எல்லாம் அந்த இருநூறில் நின்றது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலை வரை போனேன். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வருவதில்லை, வர வேண்டிய அவசியமும் தெரியவில்லை. ஏழு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதங்களையும் வாசித்தவள் நான்தான். ரேஷன் அட்டை, மின்சார அட்டை, உரமூட்டையின் மேல் எழுதியிருப்பது, அப்பாவின் இறப்புச் சான்றிதழ். இப்போதும் அந்த வேலை என்னிடம்தான். அம்மா காகிதத்தைக் கைப்பேசிக்கு முன்னால் பிடிப்பாள். நான் மூவாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமிருந்து வாசிப்பேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டும் தெரியும். அது பஸ் கற்றுக்கொடுத்தது.

தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவேன். அங்கே மாலை ஐந்தரை. நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில். கீழே ஒரு சாப்பாட்டுக்கடை. கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் நின்று வந்து, அங்கே உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக்கொண்டுதான் கூப்பிடுவேன். டீ போடுகிற பாய் ராமநாதபுரத்துக்காரர். புத்தாண்டிலிருந்து அவரிடம் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"சீனி எப்பவுமே போடுறதில்லையே தங்கச்சி. பால் மட்டுந்தான்" என்றார்.

அவர் சொல்லும் பால், சீனி சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி டின்னில் வருவது. கரண்டியை நட்டால் நிற்கும். அது கிளாஸின் அடியில் வெள்ளையாக இரண்டு விரல் உயரத்துக்குத் தங்கியிருக்கும். நாம்தான் கலக்கிக்கொள்ள வேண்டும். சீனி போடவில்லை என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த டீயைக் குடித்துக்கொண்டே அம்மாவிடம் டீயை விடச் சொன்னேன். அவளுக்கு என் முகமே திரையில் ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. கிளாஸ் எங்கே தெரியப்போகிறது?

3

பிரசுரத்தோடு இரத்தப் பரிசோதனையும் இலவசம் என்றார்கள். அவரவர் வீட்டுப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் கொடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கிளினிக்கின் நர்ஸ் கோமதி. அவள்தான் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவளும். இந்த நாட்டிலேயே, ரவாங்கில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் என்னை "நீ" என்பாள், கிளினிக்கில் "நீங்க" என்பாள். சம்பளம் அதற்குத்தான் என்பது அவள் கொள்கை.

"ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்புட்டீங்களா?"

"இல்ல."

"காலையில?"

"இல்ல."

இரத்தம் எடுத்துக்கொண்டாள். முடிவு எட்டு புள்ளி இரண்டு என்று வந்தது. இந்த ஊர் அளவில், வெறும் வயிற்றுக்கு அது மிக அதிகம். அன்று மாலை சமையலறையில் கோமதி விசாரணையைத் தொடங்கினாள். காலையில் எழுந்து என்ன செய்தாய் என்று கேட்டாள். பிரசுரத்தின்படி சீக்கிரம் எழுந்தேன், பிரசுரத்தின்படி நடந்தேன் என்றேன். எங்கே நடந்தாய் என்றாள். மார்கழி அல்லவா, கோயிலுக்கு என்றேன்.

"கோயில்ல என்ன குடுத்தாங்க?"

"பிரசாதம்."

"என்ன பிரசாதம்?"

"சர்க்கரைப் பொங்கல்."

"எவ்ளோ?"

"ஒரு கப்பு."

"ஒண்ணா?"

"ரெண்டு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எனக்குப் பிரசாதம் நினைவுக்கே வராது. அது வாங்கிக்கொள்வது. விரதத்திலும் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

"வேதியியல் படிச்சவ நீ" என்றாள் கோமதி. "சாமி கோவிச்சுக்காது. மெஷின் காட்டிடும்லா."

அடுத்த வாரம், கோயில் பக்கமே போகாமல், மறுபடி இரத்தம் கொடுத்தேன். இந்த முறை ஆறரை. டாக்டர் அதை எல்லைக்கோடு என்றார். இப்போதே கவனித்தால் மாத்திரை இல்லாமல் தப்பலாம், கவனிக்காவிட்டால் அம்மா வழியில் போவீர்கள் என்றார். எனக்கு இருபத்தெட்டு வயது.

4

இங்கே சர்க்கரையை அளக்கும் முறை வேறு, நம் ஊரில் வேறு. இங்கத்திய எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் ஊர் எண் வரும். ஆறரை என்பது நம் ஊரில் நூற்றுப் பதினேழு. இதை அம்மாவுக்குச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அன்று எட்டு மணிக்குக் கூப்பிட்டபோது அம்மாதான் முதலில் கேட்டாள். ரத்தம் கொடுத்தாயே, என்ன வந்தது என்றாள். அதற்கு முந்தின பதினைந்து நாளாக நான் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டாயா, நடந்தாயா, டீயில் என்ன போட்டாய், யார் வீட்டு விசேஷத்தில் என்ன சாப்பிட்டாய். முதல் தடவையாக என்னைக் கேட்டாள்.

"ஆறரை" என்றேன்.

"நூத்தி ஆறரையா?"

"இல்லம்மா. வெறும் ஆறரை."

அம்மா கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். பிறகு கவலையோடு கேட்டாள். "ஏன் பாப்பா, எனக்கு முந்நூத்திப் பன்னெண்டு. உனக்கு ஆறரைதானா? ஒடம்புல சக்கரையே இல்லையா? மயக்கம் கியக்கம் வருதா?"

"அதெல்லாம் இல்ல."

"வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்க. வேலைக்குப் போற எடத்துல விழுந்து வெச்சிடாத."

சொன்ன எண் உண்மையான எண். நான் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆய்வகத்தில் ஒரு பெட்டிக் கையுறையை இப்படி அளவு குறிப்பிடாமல் யாராவது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா தொலைபேசியில் வந்து, மலேசியாவில் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று விசாரித்தார். விடிவதற்குள் கவலை பெருமையாக மாறி, அம்மா வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். எம்பொண்ணுக்குச் சக்கரை ஆறரை. படிச்ச புள்ள, சொன்னதைச் சொன்னபடி செய்றா.

5

தைப்பூசத்துக்கு நான் பத்துமலைக்கு நடந்தே போனேன். அதுவும் பிரசுரத்தின்படிதான். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ரோஸ் சர்பத், மோர், மறுபடி ரோஸ் சர்பத். வேண்டாம் என்றால் கொடுப்பவர்கள் வருத்தப்படுகிறார்கள். பிரசுரத்தில் இதற்கு வழி எதுவும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அம்மா பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. போய்வந்த அன்று மாலை குரலில் ஒரு துள்ளல்.

"தாள் வந்துடுச்சு. படி" என்று கேமராவில் ஒட்டிப் பிடித்தாள். முதலில் கட்டைவிரல் தெரிந்தது. தள்ளிப் பிடி என்றேன். பிறகு கூரை தெரிந்தது. இறக்கு என்றேன். கடைசியில் எண் வந்தது. வெறும் வயிற்றில் நூற்றுப் பதினேழு.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மாதத்தில் நூற்றுப் பதினேழு. அறுவை சிகிச்சைக்கு இனி தடையே இல்லை. பத்துப் பழக்கங்களையும் தயாரித்தவர்கள் அம்மாவின் படத்தைப் பிரசுரத்தில் போடலாம்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

பழக்க தோஷத்தில் தாளின் மேல்வரியையும் வாசித்தேன். எந்தக் காகிதத்தையும் மேலிருந்து வாசிக்க வேண்டும் என்பது ஆய்வகத்து விதி. அன்று நடுவிலிருந்து தொடங்கிவிட்டேன். பெயர், பாப்பாத்தி. வயது, நாற்பத்தொன்று. அம்மாவுக்கு ஐம்பத்தாறு.

"அம்மா, இது யாரு தாளு?"

"என்னுதுதான்."

"மேல பேரு போட்டிருக்கு."

திரையில் காகிதம் மெல்ல இறங்கியது. அம்மாவின் முகம் வந்தது. "பேரெல்லாம் போடுவாங்களா? நம்பரு மட்டும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

உன்னுடையது எங்கே என்று கேட்டேன். இரண்டாவது முறை கேட்க வேண்டியிருந்தது. அரிசிப் பானைக்குள் என்றாள். எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்து, அரிசியைத் தட்டிவிட்டுக் காட்டினாள். முந்நூற்று நாற்பத்தொன்று. இறங்கவில்லை. ஏறியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரையைப் போடுகிறாயா இல்லையா என்று கேட்டேன். பக்கத்து மேசையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள். "நீ ஆறரையில நிக்கிற. நான் முந்நூறுல கெடக்குறேன். மாத்திரை போட்டு, நடந்து, வாயக் கட்டி, நான் எந்தக் காலத்துல ஆறரைக்கு வந்து சேர்றது? படிச்சவங்களுக்கு அது வரும். எனக்கு வராதுன்னு வுட்டுட்டேன். நீயும் தெனம் வைற. ஒரு நாளு வையாம பேசுவியேன்னு பாப்பாத்தி தாளக் கேட்டு வாங்கியாந்தேன்."

அவள் நின்ற இடத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாசித்துச் சொன்ன எண்தான். ஏழு வயதிலிருந்து நான் வாசித்ததை அம்மா ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட வழியும் இல்லை. வேறு ஆள் இல்லை அல்லவா.

"அம்மா, அந்த ஆறரை இந்த ஊரு அளவு. நம்ம ஊரு அளவுல அது வேற."

"எவ்ளோ?"

"நூத்திப் பதினேழு."

அம்மா யோசித்தாள். பிறகு கையில் இருந்த பாப்பாத்தி அக்காவின் காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், எண்ணை மட்டும் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு, ஒண்ணு, ஏழு" என்றாள். "அப்ப நான் உன் தாளத்தான் காட்டியிருக்கேன்."

"ஆமா."

"உனக்கும் வந்துடுச்சா?"

"வரல. வாசல்ல நிக்குது."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. டீயில் மூன்று கரண்டி சீனி போடுகிற பாப்பாத்தி அக்காவுக்கும் எனக்கும் ஒரே எண் என்பதை மட்டும் நினைவுபடுத்தினாள். பிறகு, நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, இனி எப்படி முகத்தில் விழிப்பேன் என்றாள். 

6

பத்துப் பழக்கங்களையும் கைவிட்டோம். அம்மா மூன்று போதும் என்றாள். அதற்கு மேல் போனால் நினைவில் நிற்காது, உனக்கும் நிற்காது என்றாள். மாத்திரையை என் கண்முன்னால் விழுங்குவது. டீயில் சீனி இல்லை, இரண்டு பேருக்கும். சாயங்காலம் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் நடப்பது, இரண்டு பேரும்.

அம்மாவுக்கு நடக்க இடம் தேட வேண்டியிருந்தது. தெருவில் கல், வரப்பில் பாம்பு, கண்ணோ தெரியவில்லை. மேடு பள்ளம் இல்லாத ஒரே இடம் ஊர் ஆரம்பப் பள்ளியின் மைதானம். நான் படித்த பள்ளி. என்னை முதல் நாள் வாசல்வரை கொண்டுவந்து விட்டதோடு சரி, அம்மா உள்ளே போனதில்லை. இப்போது பள்ளி விட்ட பிறகு தினமும் போய்ப் பத்துச் சுற்று நடந்தாள். எங்கள் குடும்பத்தில் நாள் தவறாமல் பள்ளிக்கூடம் போன இரண்டாவது ஆள்.

நான் டீ குடித்துவிட்டு, காதில் அம்மாவோடு, மாலை கட்டும் கடைகளைத் தாண்டி, கோயிலை நிற்காமல் கடந்து, ரயில் நிலையம்வரை போய்த் திரும்புவேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாள். கொடிக்கம்பத்தைச் சுற்றி வருவதால் தலை சுற்றுகிறது என்பாள். எதிர்ப்பக்கமாகச் சுற்று என்பேன். என் தமிழில் புதிதாக ஒரு "லா" வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை ஊருக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வா என்பாள். ஒருநாள் பாப்பாத்தி அக்காவும் கூட நடந்தார். தன் தாளை இரவல் கொடுத்ததற்குக் கூலியாக என்னிடமிருந்து ஒரு கைப்பை கேட்டார்.

மார்ச்சில் அம்மாவின் தாள் வந்தது. மேலிருந்து வாசித்தேன். பெயர் சரி. வயது சரி. நூற்று எண்பத்தாறு. மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "அந்த ஊரு அளவா, இந்த ஊரு அளவா?" என்றாள். நம்ம ஊர் அளவு என்றேன். அப்படியும் திருப்தி வராமல், எண்ணைக் கண்ணருகே கொண்டுபோய்த் தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். என்னைச் சரிபார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

7

அறுவை சிகிச்சைக்கு நான் போக முடியவில்லை. அந்த வாரம் வாடிக்கையாளர் தணிக்கை, விடுப்பு இல்லை என்றார்கள். பாப்பாத்தி அக்காதான் கூட இருந்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் அம்மா கைநாட்டு வைக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் தொலைபேசியில் முழுவதும் வாசித்துச் சொன்னேன். அளவுகளையும் சேர்த்து.

ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் ஆகாது, கைப்பேசி பார்க்கக் கூடாது. ஏழு நாளும் குரல் மட்டும். எட்டாம் நாள் மாலை வழக்கம்போல் கிள்ளானிலிருந்து வந்து கடையில் உட்கார்ந்தேன். பாய் டீயைக் கொண்டுவந்து வைத்தார். அன்று எனக்குப் பதற்றம். நாள் முழுக்க முகத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயிலிலேயே தலையைச் சீவிக்கொண்டு வந்திருந்தேன். அம்மா என்னைத் தெளிவாகப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும்.

படம் வந்தது. அம்மா கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இருந்தாள். என் முகத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"நெத்தியில பரு வந்திருக்கு" என்றாள்.

"ஆமா."

"அந்தத் தோடு போன தடவ வந்தப்ப வாங்குனது."

"ஆமாம்மா."

"பின்னாடி ஒருத்தரு மாவ வீசுறாரு."

"அது ரொட்டி."

 கலக்காத கிளாஸ் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து ஒரு வாய் குடிக்கப் போனேன்.

"அது என்ன பாப்பா?"

"டீ. சீனி போடாததுதான்."

அம்மா கண்ணைச் சுருக்கவில்லை. திரைக்கு அருகில் வரவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

"அடியில வெள்ளையா ரெண்டு வெரல் தங்கியிருக்கே. அது என்னா?"

நான் கிளாஸை மெதுவாக மேசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"அதையும் பாத்துட்டேன்" என்றாள் அம்மா.